வர்ணத்துக்குக் காத்திருக்கும் ஜன்னல்கள்
(பங்கின் வெள்ளிவிழா நாளன்று ஆற்றிய உரை)



ஆலயத்தின் மேற்குப்புற ஜன்னல்களுக்கு இன்னும் ஏன் வர்ணம் பூசவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வியே. உங்கள் காணிக்கையில் அல்லவா கண்ணாடிகள் மாற்றப்பட்டன!

முன்னொரு திருவிழாவுக்கும் இவ்வாறே கண்ணாடி மாற்றினோம். அப்போது இரு தவறுகள் செய்தோம். வெறும் மரத்தின் மீதே மக்கு வைத்தோம். சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்ததே மக்கு. அந்த எண்ணெயை மரம் உறிஞ்சிவிட்டது. அடுத்து, மறுநாளே வர்ணமும் பூசிவிட்டோம். மேலே பளபளப்பு, உள்ளே பச்சை மக்கு. நாளடைவில் வர்ணம் சுருங்கியது, மக்கு வெடித்தது, மழைநீர் இறங்கிக் கீழ்ச்சட்டம் இற்றுப்போயிற்று. அவசரம் நம்முடையது; செலவோ உங்கள் தலையில் விழுந்தது.

இம்முறை பழைய மக்கைச் சுரண்டியெடுத்து, மரத்துக்கு எண்ணெய்ப் பிரைமர் பூசி, அது உலர்ந்த பின்னரே புது மக்கு வைத்தோம். தொட்டால் பள்ளம் விழாதபடி மேலே ஆடை கட்ட இரண்டு வாரமாவது வேண்டும். அதன்பின் பிரைமர் ஒரு பூச்சு, வர்ணம் இரண்டு பூச்சு. வர்ணம் கண்ணாடியின் மீதும் 2 மில்லிமீட்டர் ஏற வேண்டும். அந்த மெல்லிய கோடுதான் மழைநீரைத் தடுக்கும். மாதக்கணக்கில் பூசாமல் விட்டாலும் மக்கு காய்ந்து வெடிக்கும்.

ஆகவே, விழா நாளில் அழகு குறைந்ததென்று வருந்தாதீர்கள். அதுவரை குழந்தைகள் மக்கில் விரல் பதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே நீங்கள் செய்யும் பேருதவி.