பொதுப் பணமும் சொந்தத் தொகுதியும்



தம்மைத் தெரிந்தனுப்பிய ஊருக்கு நன்மை தேடுவது மக்கட் பிரதிநிதியின் கடமை என்பதை எவரும் மறுக்கமாட்டார். பாலம் வேண்டும், பாடசாலைக்குக் கட்டடம் வேண்டும் என்று நமக்காகக் கேட்பதற்கே அவரை அனுப்புகின்றோம். ஆயினும் திறைசேரி நாடு முழுவதற்கும் உரியது. அதிகாரம் பெற்றவரின் ஊரை நோக்கியே பணம் செல்லத் தொடங்கினால், தேவை எங்கே இருக்கின்றது என்னும் கேள்வி மறக்கப்பட்டுவிடும்.

எடுத்துக்காட்டுக்காக நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. றக்வானை மலையிலிருந்து இறங்கி எம்பிலிப்பிட்டியைக் கடந்தால் அம்பாந்தோட்டை மாவட்டம் வந்துவிடும். அம்மாவட்டத்தைச் சேர்ந்த மகிந்த ராஜபக்ச 2005ஆம் ஆண்டில் ஜனாதிபதியானார். 2010இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. 2013இல் மத்தளையில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சூரியவெவயில் பெரிய கிரிக்கெட் மைதானமும் எழுந்தது. பின்தங்கிய மாவட்டம் முன்னேறவேண்டும் என்பது நியாயமே. ஆனால், எதிர்பார்த்த விமானங்கள் மத்தளைக்கு வரவில்லை. பின்னாளில் அதன் களஞ்சியங்களில் நெல் சேமிக்கப்பட்டது. துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கடனோ அம்பாந்தோட்டைக்கு மட்டும் உரியதன்று. றக்வானையில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் தாம் வாங்கும் பொருள்களின் மீதான வரியால் அதில் தம் பங்கைச் செலுத்துகின்றார்.

செலுத்துவதில் பங்குள்ளவருக்குப் பெறுவதில் என்ன பங்கு இருந்தது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. வாக்கற்றவர் பொருட்டு வாதாட எந்த அரசியல்வாதி முன்வருவார்? 1974 முதல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் மூலம் பாராளுமன்ற உறுப்பினர் வழியே ஊர்ப்பணிகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டபோதும், அக்குறை தீரவில்லை. உரிமை படிப்படியாக மீண்ட பின்னர், செறிந்து வாழும் நுவரெலியா மக்கள் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தனர். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் சிதறி வாழும் நமக்கு அந்தப் பலம் வாய்க்கவில்லை.

இதனினும் விந்தையானது மற்றொன்று. பிரதேச சபைத் தேர்தலில் தோட்ட மக்களும் வாக்களித்தனர். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபையின் பணத்தைத் தோட்டத்திற்குள் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. கிராமத்து வீதிக்குக் கல்லும் தாரும் கிடைக்கும். லயத்துக்குச் செல்லும் பாதைக்குக் கிடைக்காது. 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது.

நாம் கருதவேண்டியது இதுதான். நமக்கும் வலிய அமைச்சர் ஒருவர் வாய்த்தால் எல்லாம் சரியாகும் என்று ஏங்குவது அறிவுடைமையாகாது. அமைச்சர் தரும் சலுகை அவர் பதவியோடு போய்விடும். சட்டம் தரும் உரிமை நிலைக்கும். ஆனால் உரிமையும் கேட்பவர்க்கே பயன் தரும். பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தில் நம் தோட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவிடப்பட்டது என்று கேட்கப் பிரஜை எவருக்கும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் தோட்டந்தோறும் இருக்கின்றனர். அவர்கள் ஒரு கடிதம் எழுதட்டும். எவருடைய ஊர் என்பதைப் பாராது, எவருடைய தேவை பெரிது என்பதைப் பார்த்துப் பணம் செலவாகும் நாள் அப்போதுதான் வரும்.