விடை தேடி அலைவோரின் சுமையை இறக்கும் கல்வி

(நம் ஜமாஅத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியது. நம் மஹல்லாவில் பொறியியல், பாலிடெக்னிக், கணினிப் பயன்பாடு ஆகிய துறைகளில் பயிலும் பிள்ளைகள் பெருகி வருவது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தியாகும். இப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் இறுதியாண்டில் ஒரு திட்டப்பணியைச் செய்து முடிக்க வேண்டும். 'ப்ராஜெக்ட்' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

மார்க்கக் கல்வி பயின்றவர்கள் கணினியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கணினியின் நுட்பத்தை அதற்குரிய ஆசிரியர்கள் கற்றுத் தருவார்கள். அந்தத் திட்டப்பணி யாருடைய சுமையை இறக்குகிறது, அதற்கு எத்தகைய பண்புகள் வேண்டும் என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் மக்கள் நாள்தோறும் சிறு சிறு கேள்விகளோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். பேருந்து எப்போது வரும்? ரேஷன் கடையில் இன்று பருப்பு வந்திருக்கிறதா? மருத்துவர் இன்று உட்காருகிறாரா? விடை எங்கோ ஒருவரிடம் இருக்கிறது. கேட்பவரிடம் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் குறை. ஆனால் அந்தக் குறைக்காக ஒரு கூலித் தொழிலாளி அரைநாள் ஊதியத்தை இழக்கிறார். கைக்குழந்தையோடு ஒரு தாய் வெயிலில் இருமுறை நடக்கிறாள். வசதி உள்ளவர் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்வார், இல்லாதவரே அலைகிறார். இந்த அலைச்சலைக் குறைக்க மாணவர்களால் முடியும் என்பதற்கு உலகில் நல்ல சான்றுகள் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, கேட்டால் சிரிப்பு வரக்கூடிய நிகழ்ச்சி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உள்ளது. 1982-ஆம் ஆண்டு வாக்கில் அதன் கணினித் துறையில் குளிர்பானப் புட்டிகளை விற்கும் ஓர் இயந்திரம் இருந்தது. சில மாணவர்களின் அறைகள் அதற்குத் தொலைவில் அமைந்திருந்தன. நடந்து போய்ப் பார்த்தால் இயந்திரம் காலியாக இருக்கும். அல்லது அப்போதுதான் நிரப்பியிருப்பதால் புட்டி சூடாக இருக்கும். இந்த அலைச்சலைத் தவிர்க்க அவர்கள் ஒரு வழி கண்டார்கள். இயந்திரத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. ஒரு புட்டி விற்றால் அது சில விநாடிகள் எரிந்து அணையும். வரிசை காலியானால், மீண்டும் நிரப்பும் வரை எரிந்துகொண்டே இருக்கும். அவ்விளக்குகளைக் கணினியோடு இணைத்து, எந்த வரிசையில் புட்டி உள்ளது, அது வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியும்படி செய்தார்கள். நிரப்பி மூன்று மணி நேரம் கடந்தால் 'குளிர்ந்துவிட்டது' என்று கணினி சொல்லும். வலைப்பின்னலில் பொருள்களை இணைக்கும் இன்றைய தொழில்நுட்பத்திற்கு முன்னோடியாக இதைப் பலரும் எடுத்துக்காட்டுகின்றனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அம்மாணவர்கள் புதிய இயந்திரம் எதையும் படைக்கவில்லை. விடை ஏற்கனவே அந்த விளக்குகளில் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கேட்பவரிடம் கொண்டு சேர்த்தார்கள்.

இரண்டாவது, அதே நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் நடந்தது. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் பிரையன் ஃபெரிஸ் என்பவர் 2008-இல் 'ஒன்பஸ்அவே' என்ற சேவையைத் தொடங்கினார். பேருந்துகள் எங்கே வருகின்றன என்ற தகவல் போக்குவரத்துத் துறையிடம் இருந்தது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது எளிதில் எட்டவில்லை. நிறுத்தத்தின் எண்ணைத் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவித்தால், அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று அச்சேவை சொல்லும். கட்டடப் பொறியியல் துறையின் ஆராய்ச்சி மாணவி கேரி வாட்கின்ஸும் இப்பணியில் இணைந்தார்.

இதன் பயனை அவர்கள் அளந்தும் பார்த்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வின்படி, இச்சேவையைப் பயன்படுத்தியவர்கள் அச்சிட்ட கால அட்டவணையை நம்பி வந்தவர்களை விட ஏறத்தாழ 2 நிமிடம் குறைவாகவே காத்திருந்தனர். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டபோது, இவர்கள் சராசரியாக 7.5 நிமிடம் என்றனர், மற்றவர்கள் 9.9 நிமிடம் என்றனர். இரவு நேரத்தில் நிறுத்தத்தில் நிற்கும்போது அச்சம் குறைந்ததாகவும் பயன்படுத்தியோர் கூறினர். பேருந்து ஒன்றுகூட அதிகமாக ஓடவில்லை, சாலை ஒரு முழமும் அகலவில்லை. தகவல் மட்டும் உரியவரிடம் சேர்ந்தது. மனத்தின் பாரம் இறங்கியது.

இதற்குப் பின் நடந்ததே நமக்கு முக்கியமான பாடம். 2011-இல் அந்த மாணவர் முனைவர் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றுவிட்டார். ஆயினும் சேவை நிற்கவில்லை. அப்பகுதியின் போக்குவரத்துத் துறையினர் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருந்ததால், நியூயார்க் மாநகரம் தன் பேருந்துகளுக்கான தகவல் சேவையை அதன் அடிப்படையிலேயே அமைத்துக்கொண்டது.

மூன்றாவது, கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முந்தியது. பிரான்சு நாட்டில் 1809-இல் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் கூர்ஊசி கண்ணில் பட்டு, பின்னர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பத்து வயதில் பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டிருந்தனர்; தடவிப் படிப்பது மிகக் கடினம். அச்சமயம் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி, பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட ஓர் எழுத்து முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. ஒலியை மட்டுமே குறித்ததால் எழுத்துக்கூட்டலையும் அது காட்டவில்லை. மாணவரான பிரெய்ல் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியை வகுத்தார். 1824-இல் அம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது 15. 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் 1852-இல் மறைந்தார்; பள்ளி நிர்வாகம் அதை முறைப்படி ஏற்றது 1854-இல்தான். அதுவரை மாணவர்கள் தமக்குள் அதைப் பயன்படுத்திக் காத்து வந்தனர். இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகிறது.

பார்வையுள்ள அதிகாரியால் தீர்க்க முடியாததைப் பார்வையற்ற மாணவர் தீர்த்தது ஏன்? விரல்நுனிக்கு எது எட்டும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். சிரமப்படுபவரிடம் கேட்காமல் செய்யும் உதவி பாதி உதவியே ஆகும்.

நம் முன்னோர்களின் வழியும் இதுவே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ அவர்கள் அல்ஜீப்ரா நூலை எழுதியபோது, வாரிசுச் சொத்துப் பங்கீட்டிலும் வாணிகத்திலும் நில அளவையிலும் மக்களுக்கு உதவுவதையே நோக்கமாகக் கூறினார்கள். கணினி மாணவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அன்னாரின் பெயரிலிருந்தே வந்தது. அப்பெயரைச் சொல்லுகிற நாவுகள் அந்த நோக்கத்தையும் நினைவில் வைப்பது நன்று.

அன்பு மாணவர்களே! இப்போது நம் நிலைக்கு வருவோம். பணம் கொடுத்தால் ஆயத்தத் திட்டப்பணியைப் பையில் போட்டுத் தரும் கடைகள் நகரங்களில் இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அதுவே மென்பொருளை எழுதித் தருகிறது. கடையில் வாங்கிய பணியைத் தன் உழைப்பென்று கையொப்பமிட்டு ஒப்படைப்பது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது என்பதை முதலில் உணர வேண்டும். தந்தை வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பிய பணம் அதற்குப் போகிறது என்பதையும் எண்ண வேண்டும். கருவிகளின் துணையை நாடுவதைக் கல்லூரி அனுமதிக்கும் அளவுக்கு நாடுங்கள், குற்றமில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதையும், வரும் விடை உண்மைதானா என்பதையும் எந்தக் கருவியும் உங்களுக்காகத் தெருவில் இறங்கி விசாரித்து வராது. அது உங்கள் பொறுப்பு.

கேள்விகளைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. இரண்டைச் சொல்கிறோம்.

ஒருவர் வஃபாத்தானால் அச்செய்தி கைப்பேசி வழியே நொடியில் பரவுகிறது. 'இன்று அஸருக்குப் பின் நல்லடக்கம்' என்று அதில் இருக்கும். எந்தத் தேதி, எந்த மஹல்லா, எந்த மையவாடி என்பது இராது. மறுநாளும் அது சுற்றிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து ஓடி வருபவர் அடக்கம் முடிந்தபின் வந்து கலங்கி நிற்கிறார். தேதி, நேரம், இடம், அறிவித்தவர் ஆகிய நான்கும் இல்லாமல் வெளியிட முடியாதபடியும், நேரம் மாறினால் அதே இடத்தில் திருத்தம் தெரியும்படியும், அடக்கம் முடிந்ததும் அறிவிப்பு தானே முடிந்துவிட்டதாகக் காட்டும்படியும் ஒரு சிறிய ஏற்பாட்டை உங்களால் செய்ய முடியாதா?

இரண்டாவது, இரத்த தானம். அவசரத்திற்குப் பரப்பிய வேண்டுகோள் தேவை முடிந்த பின்னும் பல நாட்கள் உலவுகிறது. பட்டியலில் உள்ளவரை அழைத்தால் எண் மாறியிருக்கும். அல்லது அவர் சென்ற மாதம்தான் கொடுத்திருப்பார். நம் நாட்டு விதிகளின்படி ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாட்களும் பெண் 120 நாட்களும் கழிந்த பின்னரே மீண்டும் கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதியைப் பதிந்து, தகுதியுள்ளவரை மட்டும் காட்டி, தேவை நிறைவேறியதும் வேண்டுகோளை மூடிவிடும் ஓர் ஏற்பாடு ஓர் உயிருக்கான நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவற்றில் இறங்குபவர்கள் மூன்று ஒழுங்குகளைப் பேண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, உண்மை. தவறான தகவல், தகவலே இல்லாததை விடக் கேடு. அட்டவணை இல்லாதவர் விசாரித்துக் கொள்வார். தவறான அட்டவணையை நம்பியவர் ஏமாந்து நிற்பார். ஆகவே ஒவ்வொரு தகவலோடும் அது எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். தெரியாதபோது தெரியவில்லை என்று காட்டுங்கள்.

இரண்டாவது, அமானிதம். இரத்தம் தர முன்வந்தவரின் தொலைபேசி எண் ஊரெல்லாம் பரவுவதற்காகத் தரப்பட்டதன்று. குறிப்பாக, பெண்களின் எண்ணும் முகவரியும் பொதுவில் வைக்கத்தக்கவை அல்ல. பொறுப்பாளர் ஒருவர் வழியாக மட்டும் தொடர்பு கொள்ளும்படி அமையுங்கள். தேவைக்கு மேல் ஒரு விவரத்தையும் கேட்காதீர்கள். பெயரை நீக்கச் சொன்னால் உடனே நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, தொடர்ச்சி. மதிப்பெண் வந்தவுடன் கைவிடப்படும் திட்டப்பணிகளே பெரும்பான்மை. சியாட்டில் நகரில் மாணவர் போன பின்னும் சேவை நின்று நிலைத்ததற்குக் காரணம், ஏற்று நடத்த ஒரு கை இருந்தது. எனவே செய்முறையைத் தெளிவான தமிழில் எழுதி வையுங்கள். உங்களுக்கு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரைப் பழக்கிவிட்டுச் செல்லுங்கள்.

இது தொடர்பாக ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் உருவாக்கியதைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஜனாஸா அறிவிப்பையும் இரத்த தானப் பதிவையும் நாள்தோறும் சரிபார்க்க அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆண்டுதோறும் ஆகும் சிறு செலவை வரவு செலவில் சேருங்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ப்ராஜெக்டுக்குப் பணம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். அது யாருக்குப் பயன்படும் என்றும் கேளுங்கள். விடை சொல்ல முடிந்தால் மகிழ்வோடு கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! பெரிய கண்டுபிடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக் காலை ரேஷன் கடை வரிசையில் அரைமணி நேரம் நில்லுங்கள். பேருந்து நிறுத்தத்தில் முதியவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று செவிதாழ்த்திக் கேளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உண்மையான விடையை உரிய நேரத்தில் சேர்க்க முயலுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த முயற்சி பட்டத்தோடு சேர்த்து ஓர் ஏழையின் துஆவையும் உங்களுக்குப் பெற்றுத் தரும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கல்வியைப் பிறருக்குப் பயன்தரும் கல்வியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.