சோலைவரித் துண்டு கேட்காத நூலகம்

(பதுளையில் நடந்த தோட்டக் கமிட்டி, மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பேரட்டு, மாலையில் கொழுந்து மடுவம் என்று களைத்து வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுகிறோம்.

போன வருடம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மூவரை டவுனில் ஒரு நூலகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கத்துவப் படிவத்தில் பிணைக் கையெழுத்து கேட்டார்கள். பிணை வைப்பவர் சோலைவரி கட்டுபவராக இருக்க வேண்டுமாம். லயத்துக்கு யார் சோலைவரி கட்டுகிறார்கள்? வீடும் நிலமும் நம் பெயரிலா இருக்கிறது? பிள்ளைகள் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தார்கள்.

அந்த மேசையில் இருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்திலேயே தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். வாக்கு கேட்க வரும்போது மட்டும் லயத்து விலாசம் எல்லோருக்கும் தெரிகிறது.

ஆகவே அட்டையை விட வேண்டாம். டவுனில் வீடுள்ள நம் ஆசிரியர்கள், கடை வைத்திருக்கும் உறவுகள் பிணை வைக்கட்டும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சபையில் பேசுவது எங்கள் வேலை.

அதுவரை பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் இருக்கிறது. ஈழத்து, மலையகத்துப் புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அட்டை இல்லை, பிணை இல்லை, காசும் இல்லை. போனில் ‘நூலகம் டொட் ஓர்க்’ என்று தேடுங்கள். பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இலவசமாக உண்டு.

டேட்டா செலவு என்பீர்கள். உண்மைதான், சில டிவிசனில் மலை உச்சிக்கு ஏறினால்தான் சிக்னலே வருகிறது. லயத்துக்கு ஒருவர் இறக்கினால் போதும், மற்றவர்களுக்கு புளூடூத்தில் அனுப்பலாம். அதற்கு டேட்டா போகாது.

இன்னொன்று. தெளிவத்தை ஜோசப் 1934இல் பிறந்தது நம் ஊவாகட்டவளைத் தோட்டத்தில். அவர் கதைகளில் வருவது நம் லயத்து ஆட்கள். அவரைத் தொடாமலே நம் பிள்ளைகள் ஏ.எல். முடித்துப் போகிறார்கள். வாத்தியார்களான எங்களுக்கும் அதில் வெட்கம் உண்டு. இந்த மாதம் அவர் பெயரைத் தேடி ஒரு கதையையாவது எடுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகுமுன் பிள்ளையின் பெயரையும் டிவிசனையும் எழுதிவிட்டுப் போங்கள்.