எங்கட கடலில் மீன் ஏன் குறைஞ்சது?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்லை. ஏ.எல். மட்டும் படிச்சுப்போட்டு, இப்ப இங்கே நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யிறவன். கரையூர்களில் சொந்தக்காரர் உள்ள எல்லாருக்கும் தெரியும், ரெலிபோன் எடுத்தால் முதல் கதை "முந்தின மாதிரி மீன் இல்லை" என்பதுதான். அடுத்த கதை வலைக்குக் காசு, எஞ்சினுக்குக் காசு. நாங்களும் அனுப்புகிறோம். அப்படியென்றால் மீன் ஏன் குறையுது என்று விளங்கிக்கொள்ள வேண்டியது எங்கட பொறுப்பும்தான்.

1983இற்கு முன் இலங்கையில் பிடிபட்ட மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து வந்தது. பிறகு சண்டை, பாஸ், கடல் தடை. 25 வருஷத்துக்கு மேலாக எங்கட ஆட்களைக் கடலுக்கு ஒழுங்காகப் போக விடவில்லை. அந்தக் காலத்துக் குறைவுக்குக் காரணம் தடை. 2009இற்குப் பிறகு தடை தளர்ந்தது. ஆனால் அவர்கள் திரும்பிப் போன கடல் பழைய கடல் இல்லை.

முதல் காரணம் றோலர். பாக்குக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீற்றருக்கு மேல் இல்லை. றோலர் மடியின் வாயை இரண்டு பலகைகள் விரிச்சுப் பிடிக்கும். அடியில் பாரமான சங்கிலி நிலத்தை உரசிக்கொண்டு போகும். இறாலுக்காகத்தான் இந்த இழுவை. ஆனால் சாதாளை வேரோடு கிளம்பிவிடும். குஞ்சு மீனும் நண்டும் ஒளிச்சு வளருகிற இடம் அதுதான். மடியில் வந்த சின்ன மீன் செத்து, கோழித் தீனுக்கு அரைபடப் போகும். 1950களில் கேரளத்தில் நோர்வே உதவியோடு நடந்த மீன்பிடித் திட்டம் எஞ்சின் வள்ளமும் இறால் இழுவையும் பரவ வழிவிட்டது என்பதையும், இந்த நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் அறிஞ்சு வைக்க வேணும்.

1974இலும் 1976இலும் கீறின எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு றோலர்கள் இரவில் வருகின்றன. எங்கட சின்ன வள்ளக்காரரின் வலைகள் அறுந்து போகின்றன. ஒரு வலை போனால் ஒரு குடும்பம் கடனில் விழும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 தொடக்கம் யூன் 14 வரை 61 நாள் றோலருக்குத் தடை. புத்தாண்டுக்கு அடுத்த நாள் எங்கட ஆட்கள் பயமில்லாமல் வலை போடத் தொடங்குவினம். அந்த நாட்களில் வலை தப்பும். ஆனால் கிளறுப்பட்ட நிலம் 61 நாளில் ஆறாது.

றோலரில் வாறவர்களும் தமிழர்தான், கூலிக்கு வாறவர்கள். சண்டைக் காலத்தில் கடற்படையின் சூட்டில் செத்தவர்களும் அவர்களில் இருக்கினம். அவர்களின்ர சோத்தை நாங்கள் பறிக்கக் கேக்கேல்லை, மடியை மாத்தத்தான் கேக்கிறம். 2017இல் றோலரை விட்டு ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாற உதவும் திட்டமும் அங்கே தொடங்கினது. அது மெதுவாகத்தான் போனது.

இரண்டாவது காரணம் எங்கட பக்கத்தில். கோபிக்க வேண்டாம். எங்களிலும் றோலர் வைச்சிருந்த ஆட்கள் உண்டு; இலங்கையில் 2017இல்தான் இழுவைமடியைச் சட்டம் தடை செய்தது. தங்கூசி வலைக்கு 2006இலேயே தடை, ஆனாலும் போடுகினம். அறுந்து கடலில் கிடந்தாலும் அது உக்காமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். டைனமைற்றும், லைற் பூட்டிச் சுருக்கு வலை வளைக்கிறதும் குஞ்சையும் தாயையும் ஒன்றாக அழிக்கிறது.

மூன்றாவது, கடல் சூடேறுது. 2016இல் அந்தப் பக்கத்துப் பவளப் பாறைகள் வெளிறிப் போயின. இதை எங்களால் நிறுத்த ஏலாது. அதனால் மற்ற இரண்டையும் நிறுத்துறது இன்னும் அவசியம்.

நோர்வேயிலும் கொட் மீன் குறைந்தது. 1989 ஏப்ரலில் கரையோரக் கொட் பிடியை நிறுத்தினார்கள். வடக்கில் எத்தனையோ குடும்பம் கஷ்டப்பட்டது. பிறகு மீன் பெருகி, 2013இல் ரஷ்யாவோடு சேர்த்து பத்து லட்சம் தொன் பிடிக்க விட்டார்கள். திரும்பக் குறைய, 2025இல் அளவு 340,000 தொன்னாக இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் மீனைக் கணக்குப் பார்த்து அளவு வைக்கிறார்கள், அதைத்தான் நாங்கள் படிக்க வேணும்.

உறவுகளே, இனிக் காசு அனுப்பும்போது "என்ன வலை வாங்கப் போறியள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கோ. தங்கூசிக்குக் கொடாதேங்கோ. ஐஸ் பெட்டிக்குக் கொடுங்கோ. பிடிச்ச மீன் பழுதாகாமல் நல்ல விலைக்குப் போகும். றோலரால் வலை இழந்தவருக்கு, ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மூலம் முதல் உதவி செய்வோம். இந்த வருஷமே எங்கட சங்கம் இதுக்கு ஒரு உண்டியல் வைக்க வேணும் என்று சபையைக் கேட்டு, எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக் கூறி விடைபெறுகிறேன்.