நகரசபைப் பணமும் இருளர் கலையும்

(சாரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நகரசபை என்பது சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மட்டுமே ஏற்பட்ட ஸ்தாபனம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வேரூன்றியிருக்கிறது. ஆனால் 1992-ல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்திய 18 காரியங்களில், சாலைக்கும் குடிநீருக்கும் துப்புரவுக்கும் உள்ள அதே அந்தஸ்தோடு, பதின்மூன்றாவதாகக் கலாசாரத்தையும் கல்வியையும் அழகுணர்ச்சியையும் வளர்க்கும் பணியும் இடம் பெற்றிருக்கிறது. ஆகையால் சாரம் அடங்கிய உழவர்கரை நகராட்சியும் பக்கத்திலுள்ள புதுச்சேரி நகராட்சியும் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் பழங்குடிக் கலைஞர்களுக்கென்று ஒரு தனித் தலைப்பை ஏற்படுத்த வேண்டும், அந்தப் பணத்தை எவருக்கு எவ்விதம் அளிப்பது என்பதை அந்த மக்களே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று நாம் கேட்பது யாசகம் அன்று, உரிமை.

“இந்த ஊரில் பழங்குடியினர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?” என்று கேட்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் புதுச்சேரிப் பழங்குடியினர் தொகை பூஜ்யம். அப்படிப்பட்ட ஜனங்கள் இல்லாமல் அல்ல, புதுச்சேரிக்கென்று பழங்குடிப் பட்டியலே இல்லாததால் வந்த பூஜ்யம் அது. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்து 62 ஆண்டுகள் கழிந்த பிறகு, 2016 டிசம்பரில்தான், வில்லியரும் வேட்டைக்காரரும் உள்ளிட்ட இருளர்கள் அட்டவணைப் பழங்குடியினராக இங்கே அங்கீகரிக்கப்பட்டார்கள். பெயரை எழுதிக்கொள்வதற்கே அத்தனை காலம் எடுத்துக்கொண்ட நாம், இப்போது எண்ணிக்கையைக் காட்டு என்று அவர்களிடம் கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரையைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்த இருளர்கள், கொம்புகளை நட்டுச் சேலைகளைக் கட்டிக் கூடாரம் எழுப்பி, விடியற்காலையில் ஈரமணலைக் கையால் அணைத்து ஏழு படிகள் அமைத்து, பூவும் வளையலும் பழமும் வைத்துக் கன்னியம்மனை வேண்டி நிற்கையில், அம்மன் இறங்கிய பூசாரி வாக்குச் சொல்ல, பெண் பேசுவதும் தாலி கட்டுவதும் அந்த மணலிலேயே நிறைவேறுகின்றன. பாட்டும் சடங்கும் நிர்மாணமும் ஒன்றாய்க் கலந்த இதைக் கலையென்று ஒப்பாதவர்கள் வேறு எதைக் கலையென்பார்கள்? அதே நாளில் நம் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் சுவாமிகளின் தீர்த்தவாரியைச் சேவிக்க லட்சோபலட்சம் ஜனங்கள் கூடுகிறார்கள். அந்த வைபவத்துக்கு விளக்கும் பந்தலும் குடிநீரும் தருவது நியாயமென்றால், இருளர் வைபவத்துக்கும் நியாயமே.

2014-ல் இடிந்து விழுந்த நம் பழைய நகரசபை மாளிகையான மேரி கட்டடம், உலக வங்கியின் கடனுதவியோடு, பழைய தூணும் வளைவும் மாறாமல் மறுபடி எழுந்து நிற்கிறது. அதை நான் குறை கூறவில்லை, நல்ல காரியம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சுவருக்கு அத்தனை சிரத்தை காட்டத் தெரிந்த ஊருக்கு, அந்தச் சுவருக்கும் முந்திய குடியின் பாட்டைக் காப்பாற்றப் பணமில்லை என்று சொல்ல வாய் வரலாகாது.

பணம் மட்டும் போதுமா என்றால், போதாது. தீர்ப்புச் சொல்லும் ஆசனமும் வேண்டும். அட்டப்பாடியில் ஆடுமாடு மேய்த்த இருளர் மூதாட்டி நஞ்சியம்மாவுக்கு, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022-ல் அறிவிக்கப்பட்டபோது, சுருதியில் நின்று பாடத் தெரியாதவருக்கு விருதா என்று சங்கீதம் கற்றவர்களிலேயே ஆட்சேபம் எழுந்தது. தம்பூராவுக்குப் பிறந்த அளவுகோலால் மலைப்பாட்டை அளக்கிறவர்களிடம் நிதியை ஒப்படைத்தால், அது பழைய சபாக்களின் வாசலையே சுற்றிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் 1973-ல் அமைத்த பூர்வகுடிக் கலை வாரியத்தில் உறுப்பினர் அனைவரும் பூர்வகுடியினராகவே இருந்தார்கள். சிட்னி நகரசபை 2015-ல், ஊரின் நடுநாயகமான ஹைட் பூங்காவில், நாட்டுக்காகப் போர்புரிந்த பூர்வகுடி வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியபோது, அதைச் சமைத்தவர் டோனி ஆல்பர்ட் என்ற பூர்வகுடிக் கலைஞர். நிற்கும் துப்பாக்கித் தோட்டாக்கள் நான்கும் வீழ்ந்த தோட்டா உறைகள் மூன்றுமாக, தம் பாட்டனாரின் போர்க்கதையை அவரே தம் மனம்போல் சொல்லியிருக்கிறார்.

“முதலில் வீடும் பட்டாவும் கொடுங்கள், கலை பிறகு ஆகட்டும்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. போபாலில் பாரத் பவன் என்ற கலைக்கூடம் கட்டப்பட்டபோது அங்கே கல்லும் மண்ணும் சுமந்த பூரிபாய் என்ற பீல் குலப் பெண்ணிடம், ஓவியர் ஜே. சுவாமிநாதன் வண்ணமும் காகிதமும் கொடுத்தார். அந்தக் கூலிப்பெண் 2021-ல் பத்மஸ்ரீ ஆனார். வீடும் வேண்டும், பட்டாவும் வேண்டும். அவை கிடைக்கும்வரை ஒரு மனிதனின் பாட்டு காத்துக்கொண்டிருக்குமா? செங்கற்சூளையில் முன்பணம் வாங்கி அதைக் கழிக்கக் குடும்பத்தோடு அல்லும் பகலும் கல் அறுப்பவன், மேஸ்திரியின் உத்தரவில்லாமல் தன் குலதெய்வத்தின் விழாவுக்கே போக முடியாது. அவன் மகனுக்கு அந்தப் பாட்டை யார் கற்றுக்கொடுப்பார்கள்?

இதையெல்லாம் நகரசபையில் எழுந்து பேச ஒரு கவுன்சிலராவது உண்டா என்றால், அதுவும் இல்லை. 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்தபிறகு அதிகாரிகளே நிர்வாகம் நடத்துகிறார்கள். தேர்தல் வரட்டும் என்று நாம் காத்திருக்கப் போவதில்லை.

ஆகவே இந்தக் கோரிக்கையை வைத்து இன்று நாம் நிறைவேற்றும் தீர்மானத்தில் நான்கு வரிகளைச் சேர்க்கும்படி தலைவரை வேண்டுகிறேன். இந்தப் பணத்தைப் பங்கிடும் குழுவில் பெரும்பான்மையோர் பழங்குடியினராகவும் அவர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மேடையேறும் மற்ற வித்வான்களுக்குரிய அதே சன்மானம், ஒப்பந்தக்காரர் கை படாமல், கலைஞரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஒத்திகை நாட்களின் கூலியும் அதில் அடங்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கைக்கு வராமல் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பவர்களை, காகிதம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், அவர்கள் குடியிருப்பின் பெரியவர் வாக்கையே சாட்சியமாக ஏற்க வேண்டும்.