கைத்தொழிலோடு கணக்கும் கற்றுக்கொடுங்கள்

(தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் நடந்த பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



“என் மகள் பத்தாவது படிக்கிறாள், படித்து முடித்தால் பிழைக்க வழி உண்டா?” என்று இங்கே ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. படிப்பு வேலைக்கு வழிகாட்ட வேண்டும் என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் எந்த வேலைக்கு, யாருடைய நன்மைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏன்? நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 1953-இல் ராஜாஜி சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. துணி வெளுப்பவர் மகன் துணியே வெளுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் காமராஜ் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் தச்சரிடமும் குயவரிடமும் பழக வேண்டும் என்கிறது. 2022-இல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது.

தொழில் பழகுவதில் இழிவு ஒன்றுமில்லை. காருகுறிச்சியில் டாக்டர் மகனும் மில் மானேஜர் மகளும் சேர்ந்து உட்கார்ந்து மண் பிசைந்தால் அது கல்வி. குயவர் பிள்ளை மட்டும் உட்கார்ந்தால், 1953 வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தத் திட்டத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள்.

ஆயிரம் பீடியின் கணக்கு

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் தாய்மார்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. அந்த ஓட்டை வழியே எத்தனை பெண் பிள்ளைகளின் படிப்பு ஒழுகிப் போயிற்று என்பதைத் தாய்மார்களே அறிவார்கள்.

ஆசிரிய நண்பர்களே! கரும்பலகையில் இப்படி ஒரு கணக்குப் போடுங்கள். கட்டுக்கு 25 பீடி என்றால் 1,000 பீடிக்கு 40 கட்டு. கடையில் ஒரு கட்டு என்ன விலை? அதை 40-ஆல் பெருக்கு. ஆயிரம் பீடிக்கு அம்மா வாங்கும் கூலி எவ்வளவு? அதைக் கழி. மிச்சத்தில் இலைக்கு எவ்வளவு, தூளுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, கமிஷனுக்கு எவ்வளவு, லாபத்துக்கு எவ்வளவு? கழிவு என்று தள்ளிய பீடியின் கூலி எங்கே? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பெண் எந்தத் தொழிலுக்குப் போனாலும் ஏமாற மாட்டாள்.

முதல் இல்லாதவர் முதலாளி ஆவது எப்படி?

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்குப் பெருமை உண்டு. கோரையை நூல்போலக் கிழித்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு நெய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. பெயர் ஊருக்குக் கிடைத்தது, லாபம் யாருக்கு?

“நீங்களும் தொழில் தொடங்கலாம்” என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். கையில் முதல் இல்லாதவர் கடன் வாங்கித்தானே தொடங்க வேண்டும்? அப்படியானால் வட்டிக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். தனியாகக் கோரையும் சாயமும் வாங்க முடியாத பத்துப் பேர் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்குவதையும், நிர்வாகியைத் தேர்ந்தெடுத்து அவரிடமே கணக்குக் கேட்பதையும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியிலேயே நோட்டும் பென்சிலும் விற்கும் மாணவர் பண்டகசாலை நடத்தலாம்; வரவு செலவைப் பிள்ளைகளே எழுதட்டும்.

இன்னொன்று. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியாளருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. பயிற்சி என்ற பெயரில் சும்மா வேலை வாங்கினால் எதிர்த்துக் கேட்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை: பட்டறை திறந்தால் கருவியும் ஆசிரியரும் வேண்டும். எல்லாத் தொழிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும் வேண்டும். தொழிற்பிரிவில் சேர்ந்த பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு அடைபடக் கூடாது.

கேள்வி கேட்ட தாயே! உங்கள் மகளுக்குப் பிழைக்க வழி உண்டு. பள்ளிவிட்டு வந்ததும் பீடித் தட்டின் பக்கத்தில் அவளை உட்கார வைக்காதீர்கள். அந்தக் கணக்கை அவள் உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும்.