பெத்லகேமும் பேரீச்ச மரமும்



மழை ஓயாத மார்கழியில், கல்முனைக் கரையோரத்து வட்டைகளில் பெரும்போக வேளாண்மை பசுமை பூண்டு நிற்கும் காலத்தில், நத்தார்ப் பண்டிகை வருகின்றது. பிறப்பு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லொன்று கடல் கடந்து வந்து, ஈழத்துத் தமிழர் நாவிலே ‘நத்தார்’ ஆயிற்று. பெயர் எல்லார்க்கும் பழகிய பெயர்தான். ஆயினும், அப்பெயர் சுட்டும் பிறப்பின் வரலாறு மறைநூல்களில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே. அவ்வரலாற்றையும், அதற்குப் பின்னணியாய் நின்ற பழைய நூல்களையும், அதே பிறப்பைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் முறையையும் இன்று சிறிது நோக்குவோம்.

கிறிஸ்தவரின் புதிய ஏற்பாட்டிலே நற்செய்தி நூல்கள் நான்கு உள. அவற்றுள் மாற்கும் யோவானும் இயேசுவின் பிறப்பு நிகழ்ச்சிகளை விவரிப்பதில்லை. மத்தேயுவும் லூக்காவுமே விவரிக்கின்றனர். அவ்விருவரும் ஒரே கதையை இரு முறை கூறினாரில்லை. இருவர் கூற்றும் தனித்தனி நோக்குடையன.

மத்தேயுவின் கதையில் முன்னிற்பவர் யோசேப்பு. அவருக்குக் கனவிலே தேவ தூதன் தோன்றுகின்றான். கீழ்த்திசை ஞானியர் விண்மீனைக் கண்டு வருகின்றனர். ஏரோது மன்னன் கலங்குகின்றான். பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு கட்டளையிடுகின்றான். யோசேப்பு இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடுகின்றார்.

லூக்காவின் கதையில் முன்னிற்பவர் மரியாள். நாசரேத்தூரிலே கபிரியேல் தூதர் அவருக்கு நற்செய்தி உரைக்கின்றார். உரோமப் பேரரசன் அகுஸ்துவின் குடிமதிப்புக் கட்டளையினால் அவர்கள் பெத்லகேமுக்குச் செல்கின்றனர். பிறந்த குழந்தை முன்னணையிலே கிடத்தப்படுகின்றது. வயல்வெளியில் இரவுக் காவல் இருந்த இடையர்கள் வந்து காண்கின்றனர். இங்கே ஞானியர் இல்லை, விண்மீனும் இல்லை. மத்தேயுவில் இடையர் இல்லை; முன்னணையும் இல்லை.

நாம் தேவாலயங்களிற் காணும் பாலன் குடில் இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அமைத்தது. 1223ஆம் ஆண்டில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகளார் இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் ஊரில் அமைத்த குடில் இவ்வழக்கம் பரவக் காரணமாயிற்று. குடிலில் நிற்கும் எருதும் கழுதையும் நற்செய்தி நூல்களில் இல்லை. எருது தன் உடையவனையும் கழுதை தன் எசமானின் முன்னணையையும் அறியும் என்ற கருத்து ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் உண்டு. அங்கிருந்து அவை குடிலுக்கு வந்தன. ஞானியர் மூவர் என்பதும் நூலிலே கூறப்படவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் எனக் காணிக்கை மூன்றாதலின் கொடுத்தவரும் மூவராயினர். மார்கழி 25ஆம் நாளும் அவ்வாறே நூலில் இல்லாதது. உரோம் நகரில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்குறிப்பிலே அந்நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது.

இனி, பின்னணி நூல்களுக்கு வருவோம். பிறந்த இடம் ஏன் பெத்லகேம் ஆயிற்று? எருசலேமுக்குத் தெற்கே, பத்துக் கிலோமீற்றருக்குட்பட்ட தொலைவிலுள்ள சிற்றூர் அது. எபிரேய மொழியில் அப்பெயர்க்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். மோவாப் தேசத்து விதவையாகிய ரூத், தன் மாமியாரோடு அவ்வூருக்கு வந்து, அறுவடை வயலிலே சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்தாள் என்று பழைய ஏற்பாடு கூறும். அயல் நாட்டாளாகிய அவளுடைய கொள்ளுப்பேரனே தாவீது அரசன். அத்தாவீதும் அவ்வூரில் ஆடு மேய்த்தவன். சிறிய ஊராகிய பெத்லகேமிலிருந்தே ஆள்பவர் ஒருவர் தோன்றுவார் என மீகா தீர்க்கதரிசி கி.மு. எட்டாம் நூற்றாண்டிலே உரைத்தார். இவற்றையெல்லாம் உள்ளத்திற் கொண்டே நற்செய்தியாளர் எழுதினர்.

மத்தேயு தரும் வமிசப் பட்டியலிலே தாமார், இராகாப், ரூத், உரியாவின் மனைவியாயிருந்தவள் என நான்கு பழங்காலப் பெண்கள் இடம்பெறுகின்றனர். இவர்களிற் சிலர் அயல் இனத்தார். சிலர் ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளானோர். அரச வமிசத்தைப் புகழ எழுந்த பட்டியலில் அவர்களை மறைத்திருக்கலாம். மத்தேயு மறைக்கவில்லை.

கன்னியின் மகப்பேற்றுக்கு அவர் ஏசாயாவை மேற்கோள் காட்டுகின்றார். எபிரேய மூலத்திலுள்ள சொல் இளம் பெண் என்று பொருள்படுவது. அதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் கன்னி என்னும் பொருளுடைய சொல்லை ஆண்டனர். கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு அம்மொழிபெயர்ப்பையே பின்பற்றினார். யூத அறிஞர்க்கும் கிறிஸ்தவ அறிஞர்க்கும் இடையே நெடுங்காலம் வழக்காடப்பட்ட இடம் இது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு இரு சமயத்தாரின் வாசிப்பை எவ்வளவு வேறுபடுத்தக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

லூக்காவின் நூலிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. சத்திரத்திலே இடமில்லாமையாற் குழந்தையை முன்னணையிற் கிடத்தினர் என்று நம் தமிழ் வேதாகமத்தில் வாசிக்கின்றோம். அங்கே வரும் கிரேக்கச் சொல் விருந்தினர் தங்கும் அறையையும் குறிக்கும். இயேசு தம் சீடரோடு இறுதி இராவுணவு அருந்திய அறைக்கும் லூக்கா அதே சொல்லை வழங்குகின்றார். நல்ல சமாரியன் கதையில் வரும் உண்மையான சத்திரத்துக்கோ வேறொரு சொல்லை வழங்குகின்றார். ஆகவே, உறவினர் நிறைந்த ஒரு வீட்டிலே, விருந்தினர் அறையில் இடமில்லாமல், மாடு கட்டும் பகுதியிற் பிள்ளை பிறந்திருக்கலாம் என அறிஞர் பலர் கருதுவர். திருமண வீட்டுக்கு உறவெல்லாம் திரண்டு வந்தால், திண்ணையிலும் முற்றத்துப் பந்தலிலும் பாய் விரித்துப் படுக்கும் நம் ஊரவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். வட்டையிலே பரண் கட்டி இரவிற் காவல் இருப்போரையும், மாட்டுப் பட்டியில் விழித்திருப்போரையும் அறிந்தவர்க்கு அந்த இடையர்களும் அந்நியர் அல்லர்.

நேயர்களே, இதே பிறப்பைத் திருக்குர்ஆனும் கூறுகின்றது. அதன் 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம் என்பது. குர்ஆன் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண்மணி அவர் ஒருவரே. 98 வசனங்களைக் கொண்ட அவ்வத்தியாயம், முதியவராகிய ஸக்கரிய்யா நபி பிள்ளை வேண்டிச் செய்த பிரார்த்தனையோடு தொடங்குகின்றது. லூக்காவின் நூலும், முகவுரை நீங்கலாக, சகரியா என்னும் அதே முதியவரோடுதான் தொடங்குகின்றது. அவருக்குப் பிறந்தவரை ஒரு நூல் யஹ்யா என்கின்றது. மற்றையது யோவான் என்கின்றது.

பின்னர் வேறுபாடுகள் தோன்றுகின்றன. குர்ஆனிலே யோசேப்பு இல்லை. பெத்லகேம் என்ற பெயரும் இல்லை. முன்னணையும் இடையரும் ஞானியரும் இல்லை. மர்யம் தனியே ஒதுங்கித் தொலைவான இடத்துக்குச் செல்கின்றார். பேறுகால வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று அவர் ஏங்குகின்றார். கவலற்க என்று ஒரு குரல் தேற்றுகின்றது. அவரது காலடியில் நீரோடை பாய்கின்றது. மரத்தை உலுக்கக் கனிந்த பழங்கள் உதிர்கின்றன. குழந்தையோடு திரும்பும் தாயை ஊரார் பழிக்க, தொட்டிற் குழந்தை வாய் திறந்து, தான் அல்லாஹ்வின் அடியான் என்றும், தன்னை அவன் நபியாக்கினான் என்றும் சான்று பகர்கின்றது.

இங்கேதான் இரு சமயங்களும் பிரிகின்றன. கிறிஸ்தவர்க்கு இயேசு தேவ குமாரன்; மனித உருவில் வந்த இறைவன். இஸ்லாமியர்க்கு ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்த, மேன்மை மிக்க இறைத்தூதர். இறைவன் பிள்ளை பெற்றான் என்ற கொள்கையைக் குர்ஆன் வெளிப்படையாக மறுக்கின்றது. இவ்வேறுபாடு சிறியதன்று. எல்லாம் ஒன்றே என்று சொல்லி இதனை மூடி மறைப்பது இரு சாராரின் நம்பிக்கைக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

மறைக்காமலே மதித்து வாழ்ந்தமைக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. கி.பி. 615 அளவில், மக்காவிலே துன்புறுத்தப்பட்ட ஆரம்பகால முஸ்லிம்களிற் சிலர் கடல் கடந்து, கிறிஸ்தவ நாடாகிய அபிசீனியாவிற் புகலிடம் தேடினர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு மக்கத்துத் தூதர் மன்னர் நஜாஷியிடம் வேண்டினர். அரசவையில் முஸ்லிம்களின் சார்பிலே பேசிய ஜஃபர் இப்னு அபீதாலிப், மர்யம் அத்தியாயத்தின் பகுதியை ஓதினார். மன்னரும் குருமாரும் கண்ணீர் சிந்தினர் என இஸ்லாமிய வரலாற்று நூல்கள் உரைக்கும். மறுநாள் தூதர் மீண்டும் சென்று, இவர்கள் ஈஸாவைப் பற்றி வேறு விதமாகப் பேசுகின்றனர் எனக் கோள் மூட்டினர். உயிரே ஊசலாடிய அவ்வேளையிலும் ஜஃபர் தம் கொள்கையை மழுப்பவில்லை. அவர் அல்லாஹ்வின் அடியாரும் தூதருமாவார் என்றே விடை கூறினார். மன்னரும் அவர்களைக் கைவிடவில்லை. வேறுபாடு வெளிப்பட்ட பின்னரும் புகலிடம் நிலைத்தது.

நம் கரையோரத்துக்கும் இத்தகைய மரபு உண்டு. மெதடிஸ்த மிஷனரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்த பின், அவர்கள் பணி இப்பகுதி எங்கும் பரவியது. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார், கல்முனையில் அந்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கிறிஸ்தவப் பாடசாலைகளிற் கற்றவர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். தமிழ் இலக்கியமும் அவ்வாறே விரிந்த நெஞ்சுடையது. இத்தாலியராகிய வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 3,615 விருத்தங்களில் யோசேப்பை வளன் எனப் பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கிற்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் ஒரே தமிழ் வகுப்பில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் படித்துச் சுவைக்கலாம்.

ஆயின், தமிழ் வகுப்பிலே கூடக்கூடிய பிள்ளைகள் சமய வகுப்பிலே பிரிந்துவிடுகின்றனர். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் எனப் பாடநூல்கள் தனித்தனியே உள. தத்தம் சமயத்தைக் கற்பது முறையே. எனினும் பதினோர் ஆண்டுகள் படித்து வெளியேறும் மாணாக்கன், அடுத்த தெருவிலுள்ளோர் எதனை நம்புகின்றனர் என்பதை ஒரு நாளேனும் சரியாகக் கேட்டறியாமலே போகின்றான். இப்பகுதியிற் பாடசாலைகளே பெரும்பாலும் முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை எனப் பிரிந்திருத்தலால் அக்குறை மேலும் பெருகுகின்றது. வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு பாடசாலையில் மர்யம், யஹ்யா, ஸக்கரிய்யா. மற்றொன்றில் மேரி, ஜோன், சகரியாஸ். பெயர்கள் ஒன்றென்பதைப் பெயருக்குரியவரே அறியார்.

இவ்வறியாமை தீங்கற்றது என்று எண்ணலாகாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களால் 260இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே மாண்டவருட் சிறுவர் பலர். ஐந்து நாட்களின் பின், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், அக்குழுவினர் தங்கியிருந்த வீட்டிலும் வெடி வெடித்தது. அங்கும் குழந்தைகள் மாண்டனர். அவ்வீட்டாரைக் குறித்து ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அவ்வாறிருந்தும், சிறு கூட்டத்தாரின் கொடுமைக்காக ஒரு சமூகம் முழுவதும் பல நாள் ஐயக்கண்ணோடு பார்க்கப்பட்டது. மர்யத்தின் பெயரால் ஓர் அத்தியாயத்தை ஓதும் மக்களை, மரியாளைப் போற்றுவோர் அந்நியராகக் கண்டனர். அன்று வதந்தி நிரப்பிய இடத்தை, முன்னரே பெற்ற அறிவு நிரப்பியிருக்க வேண்டும்.

நாம் ஒருவர்க்கொருவர் இடம் கொடுத்த நாளும் உண்டு. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலை ஆழிப்பேரலை எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையிலே மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்தினதே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர் பார்க்கவில்லை. கரையிலிருந்து ஓடிவந்தோர்க்குப் பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் கதவு திறந்தன. வந்தவரின் சமயம் எதுவெனக் கேட்டுப் பாய் விரிக்கப்படவில்லை.

ஆகவே, பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். இந்த நத்தார் விடுமுறையிலே, கிறிஸ்தவப் பிள்ளை பேரீச்ச மரத்தின் கதையைத் தன் முஸ்லிம் தோழனிடம் கேட்கட்டும். முஸ்லிம் பிள்ளை முன்னணையின் கதையைத் தன் கிறிஸ்தவத் தோழியிடம் கேட்கட்டும். சைவப் பிள்ளை இரண்டையும் கேட்டுத் தன் கதையையும் சொல்லட்டும். கேட்பவர் இடைமறித்துத் திருத்த வேண்டியதில்லை; சொல்பவர் எதையும் குறைத்துச் சொல்ல வேண்டியதுமில்லை. எங்கே ஒன்றுபடுகின்றோம், எங்கே வேறுபடுகின்றோம் என்று அறிந்த பிள்ளைகள் வளர்ந்து அயலவராகும்போது, அவர்களிடையே வதந்திக்குக் கிடைக்கும் இடம் குறைவாகவே இருக்கும்.